சந்தூக்கு: திரும்பி வரும் பெட்டி

ஒருவர் மறைந்ததும் அவருக்கேற்ற பெட்டியைத் தேர்ந்தெடுப்பது பல சமூகங்களில் குடும்பத்தாரின் முதற்கவலை. வேலூர், அணைக்கட்டு, ஆம்பூர் வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் அந்தக் கவலை எழுவதில்லை. பள்ளிவாசலின் சந்தூக்கு வீட்டுக்கு வரும். மய்யித்தை அடக்கத்தலத்தில் இறக்கியபின் பள்ளிக்கே திரும்பும். தோல் ஆலை முதலாளிக்கும் அங்கே தோல் பதனிடும் தொழிலாளிக்கும் அது பொதுவானது. இவ்வழக்கத்தின் வேரை நாம் அறிந்திருப்பது நலம்.

சந்தூக்கு என்பது 'ஸுந்தூக்' என்னும் அரபிச் சொல்லின் தமிழ் வடிவம். பேழைக்குத் திருக்குர்ஆன் ஆளும் சொல் 'தாபூத்'. அச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது: குழந்தை மூஸா (அலை) அவர்கள் நீரில் விடப்பட்ட பேழை (20:39); தாலூத்தின் ஆட்சிக்கு அடையாளமாக வந்த பேழை (2:248). இரண்டுமே இறந்தவரைக் கிடத்த அமைந்தவை அல்ல.

ஹிஜ்ரி 3இல் உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் செல்வக் குடியில் பிறந்தவர்கள். கஃபனிடக் கிடைத்ததோ ஒரே துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது. தலையை மூடிக் கால்களின்மேல் இத்கிர் புல்லை இடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஹிஜ்ரி 11இல், துணி மட்டும் போர்த்தினால் பெண்ணின் உடலமைப்பு தெரியுமே என ஃபாத்திமா (ரலி) அவர்கள் கவலையுற்றார்கள். அபிசீனியாவில் தாம் கண்டவாறு, பசிய பேரீச்ச மட்டைகளை வளைத்து மேலே துணி விரிக்கும் முறையை அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் செய்து காட்டினார்கள். மூடிய சந்தூக்கின் முன்னோடி அதுவே. அதுவும் சுமந்து செல்வதற்கே, உடன் புதைப்பதற்கன்று.

தேவையின்றிப் பெட்டியுடன் அடக்குவது மக்ரூஹ் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ சட்ட நூல்கள் ஒன்றுபடுகின்றன. மண் ஈரமாகவோ இளகியோ இருந்தால் அனுமதியுண்டு.

பெட்டி தேவைப்பட்ட நிகழ்ச்சி ஒன்று நம் வட்டாரத்துக்கு அருகிலேயே நடந்தது. 1782 டிசம்பரில் ஹைதர் அலி சித்தூர் அருகே பாசறையில் காலமானார். திப்பு மலபார்ப் பகுதியில் இருந்ததால் மரணம் மறைக்கப்பட்டது. நறுமணப் பொருள்கள் நிரம்பிய பெட்டியில் உடல் வைக்கப்பட்டு, கருவூலப் பொருளைப் போலக் காவலுடன் கோலாருக்குச் சென்றது. பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கமாயிற்று. அவருடைய துணைவி பக்‌ஷி பேகமோ 1806இல் மறைந்து வேலூர் மண்ணிலேயே அடங்கினார். அரசியல் தேவைக்கு வந்த பெட்டி அந்தத் தேவையோடு முடிந்தது, வழக்கமாகவில்லை.

இன்று வளைகுடாவிலிருந்து விமானத்தில் வரும் உடல் பெட்டியிலேயே வருகிறது. திறக்கக் கூடிய நிலையில் இருந்தால் உடலை எடுத்துக் கபுறில் வைப்பதே சட்ட நூல்களின் நெறிக்கு நெருக்கமானது.

இலங்கையிலோ 2020 ஏப்ரல் முதல், கொரோனாவில் இறந்தோரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டு, அடக்கமே மறுக்கப்பட்டது. பிறந்து இருபது நாளேயான சிசுவும் தப்பவில்லை. 2021 மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் மட்டும் அனுமதி கிடைத்தது. பெட்டியோ, இடமோ, நேரமோ குடும்பத்தார் விருப்பத்தில் இல்லை. எந்த மண்ணிலும் அடக்கலாம் என்னும் உரிமை ஓராண்டுக்குப் பின்னரே திரும்பியது. 2024இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழுதல், அடக்குதல் ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா. ஊரார் அனைவர் மீதுமுள்ள கடன். மய்யித்தின் சொத்திலிருந்து முதலில் நடுத்தரமான அடக்கச் செலவும், பிறகு கடனும், அதன்பின் வஸிய்யத்தும் நிறைவேற வேண்டும், எஞ்சியதே வாரிசுகளுக்கு. ஆகவே அலங்காரப் பெட்டிக்குச் செலவிடும் பணம் கடன்காரருடையதாகவோ, அநாதைப் பிள்ளையின் பங்காகவோ இருக்கக்கூடும். புத்தாடைக்கு உயிருள்ளவரே அதிகத் தேவையுடையவர் எனக் கூறித் தம் பழைய ஆடையிலேயே கஃபனிடச் சொன்ன அபூபக்ர் (ரலி) அவர்களின் முடிவில் நமக்கு வேண்டிய திட்டம் முழுதும் அடங்கியுள்ளது.