மாலத்தீவின் மாசி

சூரை மீனைப் புகையூட்டி மாசியாக்கும் தொழில் மாலத்தீவில் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1343இல் அங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அதன் செய்முறையையே எழுதிவைத்தார்: மீனை நான்காக அரிந்து, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள். இந்தியா, சீனா, ஏமன் வரை அது கப்பலேறியதாம். பயணக் குறிப்புகளில் இவ்வளவு துல்லியமான சமையல் விவரம் அபூர்வம்.

பிற்கால முறையும் பெரிதாக மாறவில்லை. தலையும் குடலும் முள்ளும் நீக்கிய சதையை உப்புநீரில் அவித்து, அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிப் புகையூட்டி, பிறகு பல நாள் வெயிலில் காயவைப்பார்கள். ஈரம் வற்றிய மாசி கட்டையாக இறுகிவிடும். இடித்துத்தான் உடைக்க வேண்டும். அவித்த நீரும் வீணாகாது. சுண்டக் காய்ச்சினால் ‘ரிஹாகுரு’ என்ற கரும்பழுப்பு விழுது கிடைக்கும்.

நெல் விளையாத அந்தத் தீவுகளுக்கு அரிசி வாங்கித் தந்த முக்கியச் சரக்கு மாசியே. பெரிய சந்தை இலங்கை. அங்கே மாசி இல்லாத சம்பல் குறைவுபட்டதுதான். 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை இறக்குமதியைக் குறைத்தது. அதையடுத்து மாலத்தீவுச் சூரை ஜப்பானியரின் உறைபதனக் கப்பல்களுக்குப் போகத் தொடங்கியது. ஆனாலும் மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் மாசி இன்றும் தயாராகிறது.