கடலுக்கும் ஓர் எல்லைக்கல்

நம் நாட்டில் காட்டைக் காத்த வரலாறு மூத்தது. கடலைக் காக்கும் வரலாறு இளையது. இமயமலையடியில், இன்று கார்பெட் என வழங்கும் காடு 1936இல் தேசியப் பூங்காவாயிற்று. 1940இல் முதுமலை சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இம்முயற்சியை நாடு தழுவியதாக்கிற்று. அச்சட்டத்தின்கீழ் 1986இல், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன.

காட்டில் எல்லைக்கல் நடலாம். அலைமேல் எதனை நடுவது? சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பெயர்த்தெடுக்கும் தொழில் நெடுங்காலம் நிகழ்ந்தது. அரணாய் நின்ற பாறை அழியவே, அலைகள் தீவுகளை அரித்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. 2001இல்தான் பவளங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. மறுபுறம், மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கும் அத்தீவுகள் அடைபட்டன. வளத்தை அழித்தவரையும் அதனை நம்பி வாழ்ந்தவரையும் ஒரே கோடு விலக்கிற்று.

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கெனப் பாதுகாப்பகமாயிற்று. இவ்வகைக் காப்பகம் 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் வந்தது. உள்ளூர் மக்களைக் கலந்தே அமைத்தல் வேண்டும், அதன் குழுவில் ஊராட்சிகளுக்கும் இடமுண்டு என்பது விதி. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை மீனவரே மீட்டுக் கடலில் விட்ட நிகழ்ச்சிகள் பல.

அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்ரியாலில் கூடிய உலக நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காக்க உடன்பட்டன. கோடுகள் இனியும் விரியும். நெய்தலைப் பரதவரோடும் அவர்தம் வலையோடும் சேர்த்தே பாடிய மரபு நம்முடையது. அக்கோடுகளை வரைவோர்க்கும் அந்நினைவு வேண்டும்.