பீப்... பீப்... ரீப்ளே!

சிக்ஸர் பறக்கும் நேரம் பார்த்து சமையற்கட்டுக்குப் போய்விட்டீர்களா? பதற மாட்டீர்கள். 'இரு, திரும்பக் காட்டுவான்!' என்று நிதானமாக வந்து உட்காருவீர்கள். அந்த நிதானத்தை நமக்குத் தர ஒருத்தர் பட்ட பாடு இருக்கிறதே!

1963, டிசம்பர் 7. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதால் தள்ளிப்போன ராணுவம் - கடற்படை கால்பந்தாட்டம் அன்று நடந்தது. (நம்ம ஊர் ஃபுட்பால் அல்ல... முட்டை மாதிரி பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது!)

சி.பி.எஸ். டி.வி-யின் இளம் இயக்குநர் டோனி வெர்னாவுக்கு ஒரு குறை. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் வீரர்கள் சும்மா நிற்கிறார்கள். அந்த இடைவெளியில் நடந்ததையே மறுபடி காட்டினால்?

அரை டன்னுக்கு மேல் எடையுள்ள டேப் மெஷின் வந்து இறங்கியது. பதிவு செய்வது சுலபம். ரீவைண்ட் செய்தால் சரியான நொடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் தலைவலி! ஓடத் தொடங்கிய மெஷினில் படம் நிலைக்கவே சில நொடிகள் ஆகும். அதுவரை திரையில் வெறும் கிறுக்கல்.

வெர்னா காதை நம்பினார். வீரர்கள் கூடிப் பேசும்போது டேப்பின் ஒலித்தடத்தில் ஒரு 'பீப்'. வரிசையில் நின்றதும் இரண்டு 'பீப்'. படம் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்துவிடுமே!

பல முயற்சிகள் சொதப்பின. கடைசிக் கட்டத்தில் ராணுவ அணியின் ராலி ஸ்டிச்வே பாய்ந்து புள்ளி எடுத்தார். சில நொடிகளில் திரையில் மறுபடியும் பாய்ந்தார்! வர்ணனையாளர் லிண்ட்ஸே நெல்சன் பதறிப்போய், இது நேரலை இல்லை, ராணுவம் இன்னொரு முறை புள்ளி எடுக்கவில்லை என்று விளக்கவேண்டியதாயிற்று.

அது சாதாரண வேகம்தான். 1967-ல் ஆம்பெக்ஸ் கம்பெனியின் டிஸ்க் மெஷின் வந்தது. கொள்ளளவு 30 நொடி. ஆனால் மெதுவாக ஓட்டலாம், நிறுத்தலாம். ஒரே சிக்கல், சாதாரண கேமராவின் படங்களை இழுத்தால் தத்தித் தத்தி நகரும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அதற்கும் மருந்து வந்தது. வழக்கமான 30-க்குப் பதில் நொடிக்கு 90 படம் எடுக்கும் சோனி கேமரா!

கிரிக்கெட்டில் அதுவரை எல்லாமே வேடிக்கைதான். 1992 நவம்பரில் டர்பன் டெஸ்ட்டில், ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொல்ல மூன்றாவது அம்பயர் உட்கார்ந்தார். அப்படி அவுட்டான முதல் பேட்ஸ்மேன் யார் தெரியுமா? நம்ம சச்சின்... ரன் அவுட்!

இங்கேதான் அதிவேக கேமராவின் அருமை புரிகிறது. நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறார் பேட்ஸ்மேன் என்று வையுங்கள். நொடிக்கு 25 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அவர் கால் மீட்டர் கடந்திருப்பார். பெயில்ஸ் விழுந்த கணம் அந்த இடைவெளியில் ஒளிந்துகொண்டால்? நொடிக்கு 300 படம் என்றால் இடைவெளி வெறும் இரண்டு சென்டிமீட்டர்!

இன்று ஒளிபரப்பு வேனில் இருப்பவர் 'பீப்' தேடுவதில்லை. கையில் ஒரு குமிழ், ஒரு நெம்புகோல். பதிவு ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருக்க, அவர் பின்னால் போகிறார்... ஒவ்வொரு படமாக நகர்த்துகிறார்... நிறுத்துகிறார். பெவிலியனா, கிரீஸா? ஒரு பேட்ஸ்மேனின் விதி அந்தக் குமிழில் சுழல்கிறது!