நிறை நிறமாலை, அகச்சிவப்பு நிறமாலை மூலம் சேர்மங்களை இனங்காணல்

நிறை நிறமாலை, அகச்சிவப்பு நிறமாலை மூலம் சேர்மங்களை இனங்காணல் என்பது, இன்னதென்று அறியப்படாத ஒரு வேதிப்பொருளை உறுதியாகக் கண்டறியப் பகுப்பாய்வு வேதியியலில் பயன்படும் ஒரு முறை ஆகும். நிறை நிறமாலையியல் (இலங்கை வழக்கில் திணிவு நிறமாலையியல்) மூலக்கூறின் நிறையையும், அது உடைவதால் உண்டாகும் துண்டுகளின் நிறைகளையும் தருகின்றது. அகச்சிவப்பு நிறமாலையியல் மூலக்கூறில் எவ்வகைப் பிணைப்புகள் உள்ளன என்பதைக் காட்டுகின்றது. ஒரு முறையினால் பிரித்தறிய முடியாத சேர்மங்களை மற்றொன்று பல நேரங்களில் பிரித்துக் காட்டுவதால், இவை ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் முறைகளாகக் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

அகச்சிவப்புக் கதிர்களை 1800 ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் கண்டறிந்தார். அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் கோப்லென்ட்சு 1905 இல் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை வெளியிட்டார். ஒரே அணுத்தொகுதியைக் கொண்ட சேர்மங்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் கதிர்களை உட்கவர்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

நிறை நிறமாலையியல் சே. சே. தாம்சன் 1910களின் தொடக்கத்தில் நேர்மின் கதிர்களைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து தோன்றியது. நியான் வளிமத்தில் 20, 22 ஆகிய நிறைகளைக் கொண்ட இருவகை அணுக்கள் இருப்பதை அவ்வாய்வுகள் காட்டின. அவருடன் பணியாற்றிய பிரான்சிசு ஆசுட்டன் 1919 இல் மேம்பட்ட கருவியை உருவாக்கினார். 1922 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1950களில் வளிம நிறப்பகுப்பியல் கருவியுடன் நிறை நிறமாலைமானி இணைக்கப்பட்டது. அதன் பின்னர், கலவையாக உள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறமாலையையும் உடனுக்குடன் பெற முடிந்தது.

நிறை நிறமாலை தரும் செய்திகள்

வழக்கமான முறையில், வெற்றிடத்தில் ஆவியாக உள்ள சேர்மத்தின் மீது 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் மோதவிடப்படுகின்றன. மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழந்து மூலக்கூறு அயனி ஆகின்றது. மிகுதியான ஆற்றலைப் பெற்ற அயனிகள் மேலும் உடைந்து துண்டு அயனிகளைத் தருகின்றன. இவை நிறைக்கும் மின்னூட்டத்திற்கும் உள்ள விகிதத்தின்படி பிரிக்கப்பட்டு, உச்சங்களாகப் பதிவாகின்றன. யாவற்றினும் உயர்ந்த உச்சம் அடி உச்சம் எனப்படும்.

* மூலக்கூறு அயனியின் உச்சம் மூலக்கூறு நிறையைத் தரும். சில சேர்மங்களில் இவ்வுச்சம் மிகச் சிறியதாகவோ, காணப்படாமலோ இருக்கலாம்.
* ஒற்றைப்படை எண்ணிக்கையில் நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட கரிமச் சேர்மத்தின் மூலக்கூறு நிறை பொதுவாக ஒற்றைப்படையாக இருக்கும்.
* ஒரு குளோரின் அணு இருப்பின், 2 அலகு இடைவெளியில் இரு உச்சங்கள் ஏறத்தாழ 3:1 என்ற விகிதத்தில் தோன்றும். புரோமின் எனில் அவ்விகிதம் ஏறத்தாழ 1:1 ஆகும்.

அகச்சிவப்பு நிறமாலை தரும் செய்திகள்

மூலக்கூறில் உள்ள பிணைப்புகள் ஓயாது அதிர்கின்றன. அதிர்வின்போது மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் மாறுமாயின், அவ்வதிர்வுக்கு ஒத்த அகச்சிவப்புக் கதிர் உட்கவரப்படும். நிறமாலை வழக்கமாக 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரையிலான அலை எண்களில் பதிவு செய்யப்படுகின்றது.

* 3200 – 3600 செ.மீ⁻¹: ஆல்ககாலின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, அகன்ற பட்டை
* 2250 செ.மீ⁻¹ அளவில்: கார்பன்–நைட்ரஜன் முப்பிணைப்பு
* 1650 – 1800 செ.மீ⁻¹: கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு (கார்பனைல் தொகுதி); வலிமையான பட்டை

1500 செ.மீ⁻¹ இற்குக் கீழுள்ள பகுதி கைரேகைப் பகுதி எனப்படுகின்றது. இங்குள்ள பட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குவது கடினமாயினும், அவற்றின் மொத்த அமைப்பு சேர்மத்துக்குச் சேர்மம் வேறுபடும்.

எடுத்துக்காட்டு

ஒரு சேர்மத்தின் மூலக்கூறு அயனி 58 இலும், அடி உச்சம் 43 இலும் காணப்படுவதாகக் கொள்வோம். இவ்விரண்டு எண்களும் அசிட்டோனுக்கும் பொருந்தும், பியூட்டேனுக்கும் பொருந்தும். அசிட்டோன் 15 நிறையுள்ள மெத்தில் தொகுதியை இழந்து அசிட்டைல் அயனியைத் தருகின்றது. பியூட்டேன் அதே தொகுதியை இழந்து புரொப்பைல் அயனியைத் தருகின்றது. முழு எண்ணாக மட்டும் நிறையை அளக்கும் கருவியில் இரண்டு அயனிகளும் 43 என்றே பதிவாகும். அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ⁻¹ அருகே வலிமையான பட்டை இருந்தால், அது கார்பனைல் தொகுதியைக் குறிக்கும், பியூட்டேன் விலக்கப்படும்.

நிறையைத் துல்லியமாக அளக்கும் கருவியைக் கொண்டும் இதைத் தீர்க்கலாம். அசிட்டோனின் நிறை 58.042, பியூட்டேனின் நிறை 58.078 ஆகும். ஆனால் அசிட்டோனின் மாற்றியமான புரொப்பனாலுக்கு இது உதவாது. இரண்டிலும் 3 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. இங்குத் துண்டுகள் துணைபுரிகின்றன. புரொப்பனாலின் அடி உச்சம் 29 இல் அமையும். அகச்சிவப்பில் ஆல்டிகைடுகளுக்கே உரிய பட்டை 2720 செ.மீ⁻¹ அருகில் தோன்றும்.

ஒரு முறை மட்டும் போதாத நிலைகள்

நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு ஆகிய இரண்டின் மூலக்கூறு நிறையும் 28 ஆகும். முன்னது காற்றின் பெரும்பகுதி. பின்னது உயிரைப் பறிக்கும் நச்சு வளிமம். காற்றில் சிறிதளவு கலந்துள்ள கார்பன் மோனாக்சைடின் உச்சம், துல்லியம் குறைந்த நிறை நிறமாலையில் நைட்ரஜனின் உச்சத்தில் மறைந்துவிடும். நைட்ரஜன் மூலக்கூறு அதிரும்போது இருமுனைத் திருப்புத்திறன் மாறாததால் அது அகச்சிவப்புக் கதிரை உட்கவர்வதில்லை. கார்பன் மோனாக்சைடு 2143 செ.மீ⁻¹ ஐ மையமாகக் கொண்டு உட்கவர்வதால் எளிதில் அறியப்படுகின்றது.

சைலீனின் ஆர்த்தோ, மெட்டா, பாரா மாற்றியங்கள் மூன்றும் 106 இல் மூலக்கூறு அயனியையும் 91 இல் அடி உச்சத்தையும் தருகின்றன. இவற்றின் நிறை நிறமாலைகள் ஏறத்தாழ ஒன்றே. அகச்சிவப்பில் ஆர்த்தோ சைலீன் 740 செ.மீ⁻¹ அருகிலும், மெட்டா சைலீன் 770, 690 செ.மீ⁻¹ அருகிலும், பாரா சைலீன் 795 செ.மீ⁻¹ அருகிலும் வலிமையாக உட்கவர்கின்றன.

தடய அறிவியலில் பயன்பாடு

தடய அறிவியலில் ஒரு பொருளைத் தவறாக இனங்காண்பது ஒருவரின் விடுதலையையே பறிக்கக்கூடும். மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருளாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் மாற்றியமான பென்டெர்மின், அமெரிக்காவில் உடற்பருமனைக் குறைப்பதற்கு மருத்துவரின் சீட்டின் பேரில் வழங்கப்படும் மருந்து ஆகும். இரண்டின் மூலக்கூறு நிறையும் 149. இரண்டின் அடி உச்சமும் 58. அவ்வுச்சத்தைத் தரும் அயனிகளில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்றே என்பதால், நிறையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அவ்வுச்சத்தைக் கொண்டு இவற்றைப் பிரிக்க இயலாது. சிறிய உச்சங்களின் உயரத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. முன்னது ஈரிணைய அமீன், பின்னது ஓரிணைய அமீன் ஆதலால், அகச்சிவப்பு நிறமாலைகள் தெளிவாக வேறுபடுகின்றன. நிறப்பகுப்பியலில் இவை வெளிவரும் நேரமும் வேறுபடும்.

பறிமுதல் செய்யப்பட்ட போதைப்பொருள்களின் ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் பணிக்குழு, இவ்விரு நிறமாலை முறைகளையும் உயர்ந்த பிரித்தறியும் திறனுடைய முதல் வகையில் சேர்த்துள்ளது. எனினும் அவ்வகை முறை ஒன்றைப் பயன்படுத்தும்போதும் குறைந்தது வேறொரு முறையாலும் உறுதிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கின்றது.

குறைபாடுகள்

நிறை நிறமாலைக்கு மிகச் சிறிதளவு பொருளே போதும். ஆனால் ஆய்வுக்கு உட்படுத்திய பொருளை மீளப் பெற முடியாது. அகச்சிவப்பு ஆய்வில் பொருள் பெரும்பாலும் அழிவதில்லை. எனினும் கலவைகளின் நிறமாலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழப்பம் தரும். நீர் வலிமையாக உட்கவர்வதால் ஈரமான மாதிரிகளை ஆய்வதும் கடினம்.

ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக அமைந்த ஒளியியல் மாற்றியங்களை இவ்விரு முறைகளும் பொதுவாகப் பிரித்தறிவதில்லை. மெத்தாம்பெட்டமைனின் வலஞ்சுழி வடிவம் வலிமையான போதைப்பொருள். இடஞ்சுழி வடிவம் அமெரிக்காவில் மூக்கடைப்பு நீக்கும் மருந்தில் பயன்படுகின்றது. இவற்றைப் பிரித்தறிய, ஒளியியல் மாற்றியங்களைப் பிரிக்கவல்ல நிறப்பகுப்பியல் முறை தேவைப்படுகின்றது.