பூட்டிய படிவமும் மறுப்பின் தடயமும்

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அக்காவின் மகளுக்குப் படிப்பு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பப் போனதில் தொடங்கியது இது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அவர்கள் கொடுத்திருந்த பி.டி.எஃப். படிவத்தைத் திறந்து உட்கார்ந்தோம். 'தந்தை பெயர்' என்றொரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பிக் கடைசியில் அனுப்பும் பொத்தானை அமுக்கினால், அந்தக் கட்டத்துக்கே இழுத்துவந்து நிறுத்துகிறது. சரி, 'தந்தை' என்பதைத் 'தாய்' என்று மாற்றிவிடலாம் என்றால் கர்சர் அந்தச் சொல்லின்மேல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

"எடிட் பண்ண பாஸ்வேர்டு கேக்குது சார். ஒரு புள்ளி வச்சிட்டுப் போங்க, எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க" என்றான் கடைப் பையன்.

"புள்ளியா? ஆளே வேணாம்னு பதினோரு வருசமா தனியா வளக்குறேன். இப்ப புள்ளிய அப்பன்னு போடணுமா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

புள்ளி வைத்தோம். விண்ணப்பம் போய்விட்டது, பணமும் வந்தது. எனக்குத்தான் அந்தப் புள்ளி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சொல்லை அடித்துத் திருத்தும் உரிமையை எங்களிடமிருந்து யார், எப்போது எடுத்துக்கொண்டார்கள்? இந்தப் பூட்டுக்கு ஒரு வரலாறு இருக்கத்தானே வேண்டும்?

படிவத்துக்கு முன்னால் மனு இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், "அய்யா, இப்பிடி ஆயிப்போச்சு" என்று சொன்னால் அவர் அதை எழுதித் தருவார். மனு ஒரு கதையாடல். அதில் முன்பின் உண்டு, அழுகை உண்டு, பொய்யும் உண்டு. எதை முதலில் சொல்வது என்பதை மனுக்காரரே தீர்மானிக்கிறார். படிவம் இந்தக் கதையை வெட்டிக் கட்டங்களாக்கியது. ஆட்களை எண்ணவும் வகைப்படுத்தவும் காலனிய அரசுக்குக் கட்டம் தேவைப்பட்டது. 1871இல் சென்னை மாகாணத்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மனிதர்களைச் சாதி, சமயம், தொழில் என்ற பத்திகளில் அடுக்கியது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறவனே பதிலின் எல்லையையும் வகுத்துவிடுகிறான்.

ஆனால் காகிதப் படிவத்துக்கு ஓரம் இருந்தது. அச்சடித்ததை அடித்துவிட்டு மேலே எழுதலாம், பின்பக்கம் விளக்கம் தரலாம். குமாஸ்தா முணுமுணுப்பார், திட்டுவார், திருப்பியும் அனுப்புவார். திருப்பி அனுப்பினாலும் அந்தக் காகிதம் உலகத்தில் இருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் சின்ன மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் ஒன்பது சதவீதப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளர் என்ற இடத்தில் தாயாகிய தானே கையெழுத்திட்டார். தந்தை கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கொண்டுவா, அல்லது நீதான் காப்பாளர் என்று உரிய அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி வா என்று சொல்லி வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையே இயற்கைக் காப்பாளர், 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. 'பின்' என்றால் தந்தை செத்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது. சட்டப் பிரிவை ரத்து செய்யாமல் ஒரு சொல்லை மட்டும் நெகிழ்த்தியது அத்தீர்ப்பின் போதாமை. அது தனியாகப் பேச வேண்டியது. நான் கவனிக்கச் சொல்வது திரும்பி வந்த அந்த விண்ணப்பத்தை. வங்கி மறுத்தது, மறுப்புக்குச் சாட்சி இருந்தது. அதை எதிர்த்துத்தான் பதினைந்து வருஷம் கழித்து ஒரு தீர்ப்பு வாங்க முடிந்தது.

இனி பூட்டுக்கு வருவோம். அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் 'கேமலாட்' என்ற திட்டக் குறிப்பை எழுதினார். எந்தக் கம்ப்யூட்டரில் செய்த ஆவணமும் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் குலையாமல் தெரிய வேண்டும், அச்சாக வேண்டும் என்பது கனவு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கனவுதான். 1993இல் பி.டி.எஃப். வெளிவந்தது. 1994இல் பாஸ்வேர்டு சேர்ந்தது. 1996இல் நிரப்பக்கூடிய கட்டங்கள் சேர்ந்தன. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. இலவசமாகக் கிடைத்த ரீடரில் படிவத்தை நிரப்பலாம், அச்செடுக்கலாம், ஆனால் படிவம் தந்தவர் தனியாக அனுமதி வழங்கியிருந்தாலொழிய நிரப்பியதைச் சேமிக்க முடியாது. 2012இல் வந்த பதினோராம் பதிப்பில்தான் இந்தத் தடை பொதுவாக நீங்கியது. அதுவரை, எழுதலாம், எழுதியதை வைத்துக்கொள்ளக் கூடாது!

பூட்டு எங்கே இருக்கிறது? கோப்புக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் வைக்கலாம். ஒன்று திறப்பதற்கு, இன்னொன்று உடைமையாளருக்கு. பொதுமக்களுக்கான படிவத்தில் முதலாவதை வைக்க மாட்டார்கள், யாரும் திறக்கலாம். இரண்டாவது காவல் காப்பது ஒரு பட்டியலை. அச்சடிக்கலாமா, திருத்தலாமா, நகலெடுக்கலாமா, கட்டத்தை நிரப்பலாமா என்ற ஆமாம் இல்லைகளின் பட்டியல் அது. கோப்பு திறந்த கணமே முழுப் பிரதியும் வாசிப்பு மென்பொருளின் கைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இந்தத் தடைகளைக் கட்டாயப்படுத்த கோப்பில் எதுவும் இல்லை, மென்பொருள் செய்கிறவர்கள் மதித்து நடக்க வேண்டும் என்று பி.டி.எஃப். விதிமுறை நூலே ஒப்புக்கொள்கிறது. அதாவது பூட்டு என்பது கீழ்ப்படிதல். 'உள்ளே வராதே' என்று எழுதிவைத்த திறந்த கதவு.

கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? டிமிட்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய இளைஞர் அடோபி மின்புத்தகங்களின் தடைகளை நீக்கும் மென்பொருளை எல்காம்சாஃப்ட் என்ற மாஸ்கோ நிறுவனத்துக்காக எழுதியவர். லாஸ் வேகாஸ் மாநாடு ஒன்றில் இந்தப் பூட்டுகளின் பலவீனத்தைப் பற்றிப் பேசிவிட்டு ஊர் திரும்பவிருந்தவரை 2001 ஜூலை 16 அன்று அமெரிக்கப் போலீஸ் கைது செய்தது. 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பூட்டைத் திறக்கும் கருவியை விற்பதே குற்றம். எதிர்ப்பு கிளம்பியதும், புகார் கொடுத்த அடோபியே ஒரே வாரத்தில் பின்வாங்கியது. அரசு பின்வாங்கவில்லை. அந்த டிசம்பரில்தான் அவர் வீடு போக முடிந்தது. 2002 டிசம்பரில் நடுவர் குழு நிறுவனத்தைக் குற்றமற்றது என்றது. அது மின்புத்தகம், படிவம் அல்ல என்பீர்கள். இரண்டும் ஒரே வம்சம். கீழ்ப்படிதலில் நிற்கும் பூட்டுக்குப் பின்னால் போலீஸ் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் பாடம்.

தோழர் ஒருவர் மறுத்தார்: "பூட்டே வேணாங்கறீங்களா? நம்ம அறிக்கைய எவனாவது மாத்திட்டா?" நியாயமான கேள்வி. அதற்கு மின்கையொப்பம் இருக்கிறது, மாற்றினால் காட்டிக்கொடுக்கும். நான் சொன்னதை நான் சொன்னபடியே காப்பது வேறு. நான் சொல்லுமுன்பே என் வாயை அளந்து தைப்பது வேறு.

இதெல்லாம் மாறிவிட்டதே என்றும் கேட்கலாம். பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் வந்தது. பான் அட்டைப் படிவத்தில் திருநர்களுக்குத் தனிக் கட்டம் 2018 ஏப்ரலில் வந்தது. தாய் தனித்து வளர்த்தவர்களுக்குத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் யாரோ எழுதிய மனு, யாரோ போட்ட வழக்கு இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கு ஒரு மறுப்பு இருந்தது. பூட்டிய படிவம் பறிப்பது அதைத்தான். அது மறுப்பதில்லை, விண்ணப்பத்தைப் பிறக்கவே விடுவதில்லை. சிவப்பாக மின்னிவிட்டு நிற்கிறது. யாரும் மறுக்கவில்லை, எங்கும் பதிவில்லை. அந்த அலுவலகத்தின் கணக்கில் 'தந்தை பெயர் தர மறுத்த தாய்கள்' பூஜ்யம். புள்ளிகள் எல்லாம் தந்தைகளாக எண்ணப்பட்டிருக்கும்.

அடுத்த வருடம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. வெற்றுப் படிவத்தை அச்செடுத்தோம், அந்த அனுமதி இருந்தது. 'தந்தை' என்பதைப் பேனாவால் அடித்துத் 'தாய்' என்று எழுதி, அக்கா தன் பெயரைப் போட்டார். பணம் நின்றுபோகலாம் என்று சொன்னேன். "போடுங்க தம்பி, பாத்துக்கலாம்" என்றார். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்து, படிவத்தில் திருத்தம் செய்திருப்பதால் ஏற்க இயலாது என்று கையொப்பமிட்ட கடிதம் வந்தது.

பணம் நின்றுவிட்டது. கடிதம் அக்காவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மேல்முறையீட்டை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் படிவம் கிடையாது. மனுதான், அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.