அயல்மொழி பேசும் ஆவி: 'மணிச்சித்ரதாழ்' படமும் அதன் மறுவாக்கங்களும்

ஃபாசில் இயக்கி 1993இல் வெளிவந்த 'மணிச்சித்ரதாழ்' என்ற மலையாளப் படத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. அதன் நாயகி கங்காவைப் பிடித்தது பேயா, நோயா? நோய் என்று படமே விடை சொல்லிவிடுகிறது. அந்த விடையை ஏற்றுக்கொண்ட ஆய்வுமரபு, அடக்கப்பட்ட பெண்விருப்பம், தறவாடு என்னும் பரம்பரை வீட்டின் இறுக்கம், மரபின்மீது மருத்துவம் செலுத்தும் அதிகாரம் என்று அதன்மேல் தளங்களை எழுப்பிக்கொண்டு போயிற்று. இந்த வாசிப்பில் தஞ்சாவூர் ஆடல்மகள் நாகவல்லிக்குத் தனியிடம் இல்லை. கங்காவின் மனம் எடுத்துப் போர்த்திக்கொண்ட வேடம் என்ற அளவோடு அவள் நின்றுவிடுகிறாள். அவளுக்குப் பதில் வேறு எந்தக் கதைமாந்தர் இருந்திருந்தாலும் அந்த வாசிப்பு குலைந்திருக்காது.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. நாகவல்லியே கதையின் முதற்பொருள், கங்கா அவள் வந்து பேசும் வாயில். அரசவைகளுக்கும் பெருவீடுகளுக்கும் அயல்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆடற்பெண்களின் வரலாறு தென்னிந்தியாவில் பேய்க்கதையாக எஞ்சியிருக்கிறது என்றும், படக்கலைஞர்கள் அறிந்தோ அறியாமலோ அந்த எச்சத்தையே மொழிக்கு மொழி எடுத்துச் சென்றார்கள் என்றும் கருத இடமுண்டு.

இதை ஒரு மொழிக்குள் நின்று பார்த்தால் புலப்படாது. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் சாலை குண்டலுபேட்டையில் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர்க் காட்டினூடே உதகைக்கும் மற்றொன்று சுல்தான் பத்தேரிக்கும் போகின்றன. கன்னடமும் தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் கேட்கும் ஊர் அது. அத்தகைய இடத்திலிருந்து பார்ப்பவருக்கு, 'மணிச்சித்ரதாழ்', கன்னட 'ஆப்தமித்ரா' (2004), தமிழ் 'சந்திரமுகி' (2005) ஆகியவை மூலமும் இரண்டு நகல்களுமாகத் தெரிவதைவிட, ஒரே கதையின் மூன்று பாடங்களாகத் தெரியும். பிரியதர்ஷனின் இந்தி 'பூல் புலையா' (2007) நான்காவது பாடம்.

பாடங்களை ஒப்பிடும் பதிப்பாசிரியர் முதலில் எவை மாறியுள்ளன என்று பார்ப்பார். இங்கே ஏறத்தாழ எல்லாமே மாறியிருக்கின்றன. மலையாளத்தில் வீடு பரம்பரைச் சொத்து, கன்னடத்திலும் தமிழிலும் அது விலைக்கு வாங்கிய அரண்மனை. மலையாள மருத்துவர் சன்னி ஒரு கிறித்தவர், தமிழில் அவர் சரவணன். மூலத்தில் ஆடல்மகள் வீட்டுத் தலைவரான காரணவர் சங்கரன் தம்பியால் கொல்லப்படுகிறாள், தமிழில் அரசன் வேட்டையன் அவளை எரிக்கிறான், இந்தியிலோ காதலன் கொல்லப்பட அவள் தானே தூக்கிட்டுக்கொள்கிறாள். பெயர், ஊர், குலம், சாவின் வகை என எதுவும் நிலைக்கவில்லை. கொலைகூட நிலைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிலைத்தவை மூன்றே. அவள் ஆடல்மகள். அவள் வேற்றூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவள் அந்த வீட்டார் பேசாத மொழியைப் பேசுகிறாள். மலையாளத்தில் அவள் பேசுவது தமிழ், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கு, இந்தியில் வங்காளம். பாடங்கள் அனைத்திலும் தப்பிப் பிழைத்த கூறே மூலத்தின் உயிர்க்கூறு என்பது சுவடிப் பதிப்பில் நாம் தயங்காமல் கைக்கொள்ளும் நெறி. திரைப்படம் என்பதால் அதைக் கைவிடக் காரணம் இல்லை.

மலையாளப் பாடத்தையே சற்று நின்று பார்க்கலாம். கங்கா கல்கத்தாவிலிருந்து வந்தவள். அவளுடைய சிறுவயதுத் தனிமையும் பாட்டி சொன்ன கதைகளும் நோய்க்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. அவள் மனம் ஏன் உடைந்தது என்பதற்கு இவை போதும். உடைந்த மனம் ஏன் தமிழில் பேச வேண்டும் என்பதற்கு இவற்றில் விடையில்லை. நகை வாங்கப் புறப்படும் கங்காவைக் கணவன் தடுக்கும் காட்சியில், கங்காவாக நடித்த ஷோபனாவின் முகம் மாறுவதோடு பேச்சும் தமிழாக மாறுகிறது. கட்டிலைத் தூக்குவது அச்சத்தின் உச்சமாக எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஆனால் அரங்கில் முதல் நடுக்கம் அதற்கு முன்பே, மொழி மாறிய நொடியில், வந்துவிடுகிறது. மலையாளப் பார்வையாளருக்குத் தமிழ் புரியாத மொழியன்று. பாதி புரியும், அண்டை வீட்டில் கேட்டுப் பழகியது. அப்படிப்பட்ட மொழி அச்சம் தருகிறதென்றால் அதற்குப் புரியாமை காரணமாக முடியாது. இந்த வீட்டுக்குள் இந்தக் குரல் ஏற்கெனவே இருந்திருக்கிறது, அதை நாம் பூட்டிவைத்தோம் என்ற உணர்வே காரணம்.

இசையும் இதையே சொல்கிறது. எம்.ஜி. ராதாகிருஷ்ணன் ஆகிரி ராகத்தில் அமைத்த பாடல், பழைய தமிழ்ப்பாட்டு ஒன்றின் இழை அந்த வீட்டுக்குள் ஓடுவதைப் பற்றியது. பாடல் மலையாளத்தில் இருக்கிறது, அது தேடும் பாட்டு தமிழில் இருக்கிறது. உச்சக்காட்சியின் ஆடற்பாடலோ தமிழையும் மலையாளத்தையும் மாறி மாறிப் பேசுகிறது. நோய்வாசிப்பு இந்தப் பாடல்களை அழகூட்டும் சேர்க்கைகளாக விட்டுவிடுகிறது. கதையின் வாக்குமூலம் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஆடல்மகளின் காதலனாகக் கற்பிக்கப்படும் அண்டைவீட்டாராக நடித்தவர் கன்னட நடிகரும் பரதக்கலைஞருமான ஸ்ரீதர் என்பதும், தமிழில் அந்த இடத்தில் கேரளத்து வினீத் ஆடினார் என்பதும் நடிகர் தேர்வின் தற்செயலாக இருக்கலாம். நல்ல ஆட்டக்காரர் தேவைப்பட்டபோது எல்லை தாண்டித் தேடினார்கள் என்பதே இங்கு எனக்கு வேண்டிய செய்தி. அரசவைகளும் அதைத்தான் செய்தன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தெலுங்கு தென்னிந்திய இசையின் பொதுமொழி. தஞ்சை மராட்டியர் அவையிலும் மைசூர் அவையிலும் பதமும் வர்ணமும் தெலுங்கில்தான் செழித்தன. ஆகவே 'ஆப்தமித்ரா'விலும் 'சந்திரமுகி'யிலும் ஆடல்மகள் தெலுங்கில் பாடுவது கச்சேரி வழக்கே, அதில் அயன்மை எதுவும் இல்லை என்பார்கள். பாதி உண்மை. ஆனால் 'சந்திரமுகி' தெலுங்கில் மொழிமாற்றப்பட்டபோது அந்தப் பாடல் தெலுங்கில் இருக்கவில்லை. அங்கே அவள் தமிழில் பாடுகிறாள். தெலுங்கு வெறும் இசைமொழியாக இருந்திருந்தால் அதை மாற்ற வேண்டிய தேவையே எழுந்திராது. வீட்டாரின் மொழியை ஆவி பேசக்கூடாது என்ற விதி, இசைமரபைவிட வலிமையாக நின்றிருக்கிறது.

இனி வரலாறு. தஞ்சை நால்வர் எனப்படும் நட்டுவனார் சகோதரர்களில் வடிவேலு திருவிதாங்கூருக்குப் போய் சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) அவையில் இருந்தார், சின்னையா மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவைக்குப் போனார். நட்டுவனார் போன வழியில் ஆடற்பெண்களும் போனார்கள். சுவாதித் திருநாளின் வாழ்வில் இடம்பெற்ற தஞ்சாவூர் ஆடல்மகள் சுகந்தவல்லியின் நினைவோடு சேர்த்துச் சொல்லப்படும் தஞ்சாவூர் அம்மவீடு திருவனந்தபுரத்தில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த பெண், அவளுக்கென ஒரு வீடு, அதிகாரமுள்ள ஆண் என்ற அமைப்பு நாகவல்லி கதையின் எலும்புக்கூடுதான். கதாசிரியர் மது முட்டம் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இத்தகைய கதைகள் ஒருவர் உருவாக்குவனவல்ல, ஊரில் கிடப்பவை.

மைசூர்ப் பகுதியில் இந்த வரலாற்றின் பின்பாதி நடந்தது. 1909இல் மைசூர் அரசு கோயில்களில் தேவதாசி சேவையை நிறுத்தியது. நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் ஆடற்பெண்கள் தங்கள் உரிமைக்காக அரசிடம் முறையிட்டும் பயனில்லை. குண்டலுபேட்டைக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள இக்கோயிலில், ஆடல் என்ற தொழிலே ஓர் ஆணையால் வெளியேற்றப்பட்டது. அரசவையில் அது சற்று நீடித்தது. ஜட்டி தாயம்மாவின் மாணவி வெங்கடலட்சம்மா (1906–2002) மைசூர் அவையில் நெடுங்காலம் ஆடியவர். மைசூர்ப் பாணி அபிநயம் இன்று நமக்குக் கிடைப்பதில் அவர் பங்கு பெரிது. பெயர் தெரிந்த இந்த ஓரிருவருக்குப் பின்னால் பெயர் எழுதப்படாத பலர் இருந்தார்கள். அந்தப் பலருக்கும் சேர்த்துப் பேய்க்கதை ஒரு பெயர் வைத்திருக்கிறது.

கட்டடத்தையும் விட்டுவிட முடியாது. மலையாளப் படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை, 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் அதிகாரபீடம். 1956 நவம்பர் 1 முதல் அது நிற்கும் மண் தமிழ்நாட்டுக்குரியது, அரண்மனையோ இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. மலையாள வீட்டுக்குள் தமிழ் ஆவி என்ற கதை, தமிழ் மண்ணில் நிற்கும் மலையாள அரண்மனையில் படமாகியிருக்கிறது. இதை வெறும் இடத்தேர்வு என்று கடந்து போகலாம். ஆனால் அந்த அரண்மனையில் ஆடலுக்கென்றே கல்லால் கட்டிய நவராத்திரி மண்டபமும் உண்டு. நாகவல்லி கொல்லப்படுவதும் ஆண்டுதோறும் திரும்புவதாகச் சொல்லப்படுவதும் துர்காஷ்டமியன்று, அதாவது நவராத்திரியின் எட்டாம் நாள். அரசவைகளில் ஆடல் உச்சம் பெறும் பருவம் அது, மைசூர்த் தசராவும் அதே நாட்களில்தான். ஆடல்மகளுக்கு வேலை மிகுந்த நாளே அவள் சாவுநாள் ஆகிறது. நோய்வாசிப்பு இந்தத் தேதியைத் தெய்வப் பின்னணி என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதன்று.

குண்டலுபேட்டையில் சிக்கதேவராஜ உடையார் தம் தந்தையின் நினைவாக எழுப்பிய பரவாசுதேவர் கோயில் இருக்கிறது. அரசகுலத்து ஆணின் சாவுக்குக் கல்லில் கோயில் எழுகிறது. ஆடல்மகளின் சாவுக்குப் பூட்டிய தெக்கினி, அதாவது வீட்டின் தெற்குக் கட்டு, மிஞ்சுகிறது. பாழடைந்த கட்டடம் என்பதாலேயே பேய் குடியேறிவிடுவதில்லை. நினைவுச்சின்னம் மறுக்கப்பட்டவருக்குத்தான் அறை தேவைப்படுகிறது.

மைசூரைக் களமாகக் கொண்ட கன்னடப் பாடம் ஏன் தமிழை விட்டுத் தெலுங்கைத் தேர்ந்தது? சின்னையாவின் வழியைப் பார்த்தால் அங்கேயும் தஞ்சாவூர்ப் பெண்ணே பொருந்துவாள். 1991இன் காவிரிக் கலவரமும் 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்ததும் நினைவில் பச்சையாக இருந்த காலம் அது. மைசூர் அரண்மனையில் தமிழ் பேசி நியாயம் கேட்கும் ஒருத்தியை அன்றைய கன்னட அரங்கு ஆடல்மகளாகக் கண்டிருக்காது, அரசியலாகக் கண்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் பிழையானாலும் வாதம் குலையாது. தமிழ்ப் படம் தெலுங்கையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வெளிப்படை, தமிழ் வீட்டில் தமிழ் ஆவி அயலாள் ஆக மாட்டாள்.

வணிகப்படத்தில் இவ்வளவு தேடலாமா என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. கோடிக்கணக்கானோர் நான்கு மொழிகளில் ஏற்றுக்கொண்ட கதை, ஆய்வுக்கு உரிய கதைதான்.

நோய்வாசிப்பு கடைசியாகச் சாயும் தூண் மருத்துவரின் வெற்றி. அதைக் கூர்ந்து பார்த்தால் அத்தூண் எதிர்ப்பக்கம் சாய்கிறது. சன்னி மருந்தால் கங்காவைக் குணப்படுத்தவில்லை. நாகவல்லியின் முன் அவளைக் கொன்ற காரணவரின் உருவத்தை நிறுத்தி, அதை அவள் கையாலேயே வெட்டவிடுகிறார். அப்போதுதான் அவள் போகிறாள். நான்கு பாடங்களிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. அவளுக்கு நேர்ந்தது உண்மை, அதற்குத் தண்டனை கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று மருத்துவரே ஏற்ற பின்தான் சிகிச்சை பலிக்கிறது. கொல்லப்பட்டவளின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கிய பிறகு அதை நோய் என்று பெயரிடுவது, தீர்ப்பை வழங்கிவிட்டு வழக்கே இல்லை என்று பதிவேட்டில் எழுதுவதாகும்.