பிளாண்டேஷன் ஏ: பெயர்களும் முன்பணமும்

காஞ்சிபுரத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளின் விலைப்பலகையை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றே நினைக்கிறேன். 'பிளாண்டேஷன் ஏ', 'பீபெரி', 'ரோபஸ்டா செர்ரி'. "பீபெரி பாதி, ஏ பாதி, சிக்கரி கொஞ்சமா போடுங்க" என்று தினமும் யாராவது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவை ஊர்ப்பெயர்கள் அல்ல, எஸ்டேட்டின் பெயர்களும் அல்ல. பழத்தை என்ன செய்தார்கள், கொட்டை எப்படி இருந்தது என்று சொல்லும் வார்த்தைகள். அராபிகாப் பழத்தின் தோலை உரித்து, கொட்டைமேல் ஒட்டியிருக்கும் வழவழப்பைப் புளிக்கவைத்துப் போக்கி, தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தினால் இந்தியச் சந்தையில் அது 'பிளாண்டேஷன்'. ரோபஸ்டாவை அதே மாதிரி செய்தால் 'பார்ச்மென்ட்'. முழுப்பழத்தை அப்படியே காயப்போட்டால் எந்த இனமானாலும் 'செர்ரி'. 'ஏ' என்பது சல்லடைக் கண்ணின் அளவு. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்தால் பீபெரி.

ஆக, உழைப்பின் முறை பண்டத்தின் பெயராகவே ஆகியிருக்கிறது. உழைத்தவரும் விளைந்த மலையும் அந்தப் பெயருக்கு வெளியே நிற்கிறார்கள். இது தற்செயலல்ல. 1942ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுக்கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். அங்கே தரம் பார்த்துப் புள்ளி போட்டுப் பணம் தந்தார்கள். சேர்வராயன் மலையோ சிக்மகளூரோ, எல்லாம் தரமாக மட்டுமே மிஞ்சியது. 1992 முதல் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முடிந்தது. பலகையில் வார்த்தைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

காப்பியைப் பற்றிய நம்முடைய பேச்சு பெரும்பாலும் டம்ளர் பக்கம் நின்றே நடக்கிறது: ஃபில்டர், டிகிரி காப்பி, பிராமணாள் ஓட்டல். மறுபக்கம் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பி நட்டதும், இலங்கையின் காப்பிக்காடுகளுக்குத் தமிழ்நாட்டு ஆட்கள் மன்னார் வழியாக நடந்தே போனதும், 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அந்தக் காடுகளை அழித்ததும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தைப் பிடித்து நடத்தியது செடியல்ல, முன்பணம். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகும். கடன் ஆளைக் கட்டும். பிற்பாடு தேயிலைக்காலத்தில் அந்தக் கடன் ஒரு சீட்டாகவே உருக்கொண்டது. சீட்டில் எழுதிய தொகையை யார் கட்டுகிறாரோ அவர் தோட்டத்துக்கு ஆட்கள் போய்விடுவார்கள். அதற்குப் பெயர் 'துண்டு'. இங்கிலீஷ் ஆவணங்களிலும் அது துண்டுதான்! இலங்கையில் 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

இதற்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சட்டத்தின் சொல்லாடலிலேயே சம்பந்தம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம் கைவினைஞர், வேலையாள், கூலி மூவரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவரை மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். கல்கத்தா வியாபாரிகள் தங்கள் கைவினைஞர்களைக் கட்டிவைக்கக் கேட்ட சட்டத்தை மலைத்தோட்டத் துரைமார்கள் அள்ளிக்கொண்டார்கள். அதுவும் போதாமல் 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச்சட்டம் வந்தது. 1859 சட்டத்தை 1925இல்தான் ரத்து செய்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று. அதற்கப்புறமும் காஞ்சிபுரத்தில் கூலிநெசவு செய்கிறவர் ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போவதென்றால் முதல் கேள்வி, "அட்வான்ஸ் எவ்ளோ நிக்குது?" புது முதலாளி பழைய கணக்கைத் தீர்க்கிறார். ஆள் மாறுகிறார், கடன் மாறவில்லை. துண்டு என்ற சொல் மட்டும் இங்கே வழக்கில் இல்லை.

குவாத்தமாலாவிலும் இதே இலக்கணம்தான். 1877இல் பாரியோஸ் ஆட்சி காப்பித் தோட்டங்களுக்காக முன்பணக் கடனைச் சட்டமாக்கியது. மாயா இனத்துக் கூலிகள் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1934இல் ஊபிகோ கடன்முறையை ஒழித்தார். ஒழித்த கையோடு, போதிய நிலமில்லாதவர் வருஷத்துக்கு நூறு நாளுக்குக் குறையாமல் கூலிவேலை செய்தாக வேண்டும் என்று 'சோம்பேறித்தன' சட்டம் போட்டார்.

1989இல் உலகக் காப்பி ஒதுக்கீட்டு உடன்பாடு சரிந்து விலை விழுந்ததற்குப் பிறகு, மத்திய அமெரிக்க எஸ்டேட்டுகள் பிடித்துக்கொண்ட வழிகளில் ஒன்று 'ஸ்பெஷாலிட்டி'. அதாவது நம் பலகையின் தலைகீழ்: மலை, எஸ்டேட், உயரம், செடியின் இனம், கழுவியதா, வழவழப்போடு காயவைத்த 'தேன்' முறையா, எல்லாம் பையின்மேல். 2004இல் பனாமாவின் எஸ்மெரால்டா தோட்டத்துக் கெய்ஷாக் காப்பி ஏலத்தில் ராத்தல் 21 டாலருக்குப் போனது. அந்தப் பெயர் எத்தியோப்பியாவின் ஒரு வட்டாரத்தினுடையது. பனாமாவில் பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் ங்கோபே பழங்குடிகள். குடிக்கிறவருக்கு இப்போது மலை தெரிகிறது, உயரம் தெரிகிறது. பறித்தவர் கையிலிருக்கும் கணக்குதான் பையில் அச்சாகவில்லை.

2019இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு அது 2005-06லேயே வந்துவிட்டது. காந்தி ரோட்டுக் கடையில் புடவையோடு ஊர்ப்பெயரும் விலைக்குப் போகிறது. பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. கோர்வை போட இரண்டு பேர் தறியில் உட்கார வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பல காலம் ஒரு சிறுபிள்ளையாக இருந்தது, அந்தப் பிள்ளையின் பேரிலும் ஒரு முன்பணம் எழுதியிருந்தது.